எதிர்பாராததற்கு ஒதுக்கியது

என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு லிஃப்ட்டைத் தூக்க ஒரு கயிறு போதுமாம். ஆனாலும் ஐந்தாறு கயிறு கட்டுவார்களாம். அத்தனையும் அறுந்தால் பிடித்துக்கொள்ள ஒரு பிரேக், அந்தப் பிரேக்கும் கைவிட்டால் விழுகிற இடத்தில் ஸ்பிரிங். கல்யாணமான புதிதில் இதை எனக்கு விளக்கினார். புதுப் பெண்டாட்டியிடம் பேச இவருக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்று நினைத்துக்கொண்டேன். வேறு விஷயமே கிடையாது என்பது போகப்போகத் தெரிந்தது.

மழை பெய்யாத நாளிலும் அவர் கையில் குடை இருக்கும். குடை கிழிந்தால் போட்டுக்கொள்ளப் பையில் ஒரு மழைக்கோட்டும் இருக்கும். ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால் அதற்கு முந்தைய ரயில் கிளம்புவதற்குள் போய் உட்கார்ந்துவிடுவார். எதைச் சொன்னாலும் "ஒருவேளை" என்று ஆரம்பிப்பதால் கம்பெனியில் அவருக்கு அதுவே பட்டப்பெயர். என் தங்கை போன் செய்தால் முதல் கேள்வி, "அத்தான் எப்படி இருக்கார்? இன்னைக்கு என்ன இடிஞ்சு விழப்போகுதாம்?" என்பதுதான். நானும் சேர்ந்து சிரிப்பேன். தூரத்தில் இருப்பவளுக்கு அது வேடிக்கை.

அவர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லிக்கொண்டு போகிற விதத்தில் அப்படித் தோன்றலாம்.

நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை பார்த்தேன். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அங்கி எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். பிரித்து, மெஷினில் போட்டு, துவைத்த பிறகு ஈரத்தோடு அள்ளித் தள்ளுவண்டியில் நிரப்பி, சூடான உருளை மெஷினுக்குக் கொண்டுபோக வேண்டும். ஈர விரிப்பின் மூலைகளை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து விறைப்பாக இழுத்து உருளைக்குள் விட்டால், மறுபக்கம் உலர்ந்து சுருக்கமில்லாமல் வெளியே வரும். நாள் முழுக்க இதுதான் வேலை. வருஷக்கணக்கில் இழுத்து இழுத்து என் வலது கை தகராறு செய்ய ஆரம்பித்தது. முதலில் விரல் நுனி மரத்துப்போனது. பிறகு பொத்தான் போட வரவில்லை. பிறகு கையில் பிடித்திருந்த டம்ளர், பிடித்திருக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டிருக்கும்போதே கீழே விழுந்தது.

மணிக்கட்டில் ஒரு நரம்பு நசுங்கிக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். "இந்த வேலையை எவ்வளவு சீக்கிரம் விடுறீங்களோ அவ்வளவு நல்லது. இப்படியே போனா விரல்ல உணர்ச்சி போயிடும். அப்புறம் ஆபரேஷன் பண்ணாலும் முழுசா திரும்பி வராது."

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாக நீவிப் பார்த்தார். அன்று அவர் கண்ணில் இருந்தது பொய்யில்லை.

"விட்டுடலாம். கண்டிப்பா விட்டுடலாம்" என்றார். "ஆனா ஒரே ஒரு சம்பளத்துல எப்படி ஓட்டுறது? ஒருவேளை எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"ஆகாதுன்னு சொல்லி யாரும் எழுதிக் குடுக்கலையே." என் கையை இன்னும் விடவில்லை. "ஒரு சின்ன வீடா வாங்கி வாடகைக்கு விடலாம். வாடகை வர ஆரம்பிச்சதும் நீ நின்னுடு. உன் சம்பளத்துக்குப் பதிலா வீடு சம்பாதிக்கட்டும்."

வீடு சம்பாதிக்கட்டும், நான் உட்கார்ந்து சாப்பிடலாம். கேட்கக் காதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. என் சேமிப்பை ஒட்டத் துடைத்து எடுத்துக் கொடுத்தேன். மீதிக்கு அவர் கடன் வாங்கினார்.

வீடு கிடைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. ஒரு வீடு பள்ளத்தில் இருந்தது, வெள்ளம் வரும். இன்னொன்று மேட்டில் இருந்தது, தண்ணீர் ஏறாது. மூன்றாவதில் எதிர்வீட்டு மரம் சாய்ந்தால் நம் பால்கனியில் விழும். கடைசியில் ஒரு ஸ்டேஷனரி கடைக்கு மேலே, முதல் மாடியில், இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீடு அமைந்தது. எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து பார்த்தார். எல்லா விளக்கையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்த்தார். அவர் சுவரைத் தட்டிய தட்டலில், விற்பவருக்கே தன் வீட்டின் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

வாடகை வருவதற்கு முன்பே அதைப் பங்கு போட்டார். கடனுக்கு ஒரு பங்கு. ரிப்பேருக்கு ஒரு பங்கு. வீடு காலியாகக் கிடக்கும் மாதங்களுக்கு ஒரு பங்கு. குடித்தனக்காரர் வாடகை தராமல் இழுத்தடித்தால் வக்கீலுக்கு ஒரு பங்கு. எல்லாம் போக மிஞ்சியதை "இது எதிர்பாராததுக்கு" என்று தனிக் கணக்கில் போடச் சொன்னார்.

"அப்ப மத்ததெல்லாம் எதிர்பாத்ததா?" என்று கேட்டேன்.

"ஆமா. அதெல்லாம் எப்படியும் வரும். இது வராதது. வராதது வந்தா என்ன பண்ணுவ?"

"இதுல நான் எங்க இருக்கேன்?" என்றேன்.

"உனக்காகத்தானே எல்லாமே. அந்தக் கணக்குல ஆறு மாச வாடகை சேரட்டும். அடுத்த நாளே நீ வேலையை விட்டுடு."

குடித்தனம் வந்தவர் ஒரு பல்செட்காரர். பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் கடையில் வேலை. தனி ஆள், நடுவயது, பேச்சு குறைவு. வாடகையைச் சொன்ன தேதிக்கு முன்பே போட்டுவிடுவார். வீட்டில் வைத்தும் கொஞ்சம் வேலை செய்வார். நான் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் வரிசையாக யார் யாருடைய பல்வரிசையோ சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "இதெல்லாம் யாருது?" என்று கேட்டால், "தெரியாதுக்கா. பல்லைத்தான் தெரியும், ஆளைத் தெரியாது" என்பார்.

அவர் ஒரு குறையும் சொல்லாதது என் கணவருக்கு உறுத்தியது. சத்தமே போடாத லிஃப்ட்டில்தான் கோளாறு இருக்கும் என்று ஒரு சித்தாந்தம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய்க் குழாயைத் திருகிப் பார்த்து, கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டு வருவார். பாவம், பல்செட்காரர் ஞாயிற்றுக்கிழமை தூங்கினதே இல்லை.

ஆறு மாத வாடகை சேர்ந்தது. "ஒருவேளை இவர் காலி பண்ணி, அடுத்த ஆள் கிடைக்க லேட்டாச்சுன்னா?" என்றார். ஆறு மாதம் ஒன்பது மாதமாயிற்று. ஒன்பதும் சேர்ந்தது. வங்கியில் கடன் வட்டி ஏறப்போகிறது என்று யாரோ சொன்னார்கள். ஒன்பது, ஒரு வருஷமாயிற்று. கானல் நீரைத் துரத்துவது என்றால் என்னவென்று எனக்கு அப்போது தெரிந்தது. கிட்டே போகப் போக அது தள்ளித் தள்ளிப் போனது. என் விரல்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை. கட்டைவிரலும் அடுத்த இரண்டும் எனக்கு யாரோ கடன் கொடுத்த விரல்கள் மாதிரி ஆகிவிட்டன. உருளையில் என்னோடு எதிர்ப்பக்கம் பிடிக்கும் வாயாடி, "அக்கா, நீ பிடிக்கல, நான்தான் ரெண்டு பக்கமும் பிடிக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். மேற்பார்வையாளர் வரும்போது மட்டும் சொல்ல மாட்டாள்.

ஒரு வருஷ வாடகையும் சேரப்போகிற மாதத்தில், இதற்கு மேல் தள்ள இடம் கொடுக்கக் கூடாது என்று மேற்பார்வையாளரிடம் போய், "அடுத்த மாசத்தோட நிக்கிறேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்தேன். என் கணவரும் சரி என்று தலையாட்டினார். வாயாடி, ஜன்னல் பக்கம் இருந்த என் ஸ்டூலைத் தனக்கென்று சொல்லி வைத்துவிட்டாள்.

வெண்ணெய் திரண்டு வரும்போதுதானே தாழி உடையும்.

அந்த வீட்டில் படுக்கையறைச் சுவரின் நீளத்துக்கு ஒரு சிமென்ட் பரண் இருந்தது. வாடகை ஒப்பந்தத்தில் பரண் மட்டும் எங்களுக்கு என்று எழுதி வாங்கியிருந்தார் என் கணவர். எதற்கென்றால், எது கெட்டாலும் கடைக்கு ஓடாமல் உடனே மாற்றுவதற்காம். தண்ணீர் மோட்டார் ஒன்று உபரி. கைகழுவும் தொட்டி ஒன்று உபரி. தரையில் பதித்த ஓடு பிற்பாடு கிடைக்காமல் போனால் என்று பெட்டி பெட்டியாக ஓடு. சுவருக்கு அடித்த அதே நிறத்தில் பெயிண்ட் டப்பாக்கள். குழாய்கள், இரும்புச் சட்டங்கள், இரண்டு மூட்டை சிமென்ட். பழைய கட்டடம், பரணுக்குள் கம்பி துருப்பிடித்திருந்தது. குருவி தலையில் பனங்காயை வைத்தால் குருவி என்ன செய்யும்? ஒரு செவ்வாய்க்கிழமை பகலில், பரண் அப்படியே கீழே வந்துவிட்டது.

நல்லவேளை, பல்செட்காரர் வேலைக்குப் போயிருந்தார். விழுந்த தொட்டி சுவரோரக் குழாயை உடைத்துவிட்டது. தண்ணீர் தரையில் தேங்கி, விரிசல் வழியாகக் கீழே ஸ்டேஷனரி கடைக்குள் இறங்கியது. பள்ளிக்கூடம் திறக்கப்போகிற நேரம். கடைக்காரர் நோட்டுகளைக் கூரைவரை அடுக்கி வைத்திருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது கடைக்காரர் படிக்கட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தார். மேலே பல்செட்காரர் வாசலில் நின்று தன் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலின் மேல் மோட்டாரும் பாதிப் பரணும் கிடந்தன. தரையில் தண்ணீரும் சிமென்ட்டும் கலந்து குழம்பாகியிருந்தது. அந்தச் சேற்றில் அங்கங்கே பல்வரிசைகள் சிரித்தன. எனக்கும் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

என் கணவர் கம்பெனிச் சட்டையோடு ஓடி வந்தார். எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். மெயின் வால்வை மூடினார். கடைக்காரரிடம் போய், "நஷ்டம் எவ்வளவோ நான் தரேன், கத்தாதீங்க" என்றார். பல்செட்காரரிடம், "கட்டில், பல்லு, எல்லாத்துக்கும் தரேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் கவலை இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. பல வருஷமாகச் சொல்லிவந்த ஜோசியம் பலித்தவரின் முகம் அது.

"பாத்தியா?" என்றார். "நல்லவேளை சேத்து வெச்சேன்!"

எனக்கு அப்போது வந்த கோபத்தில், கீழே கிடந்த தரை ஓடு ஒன்றை எடுத்து அவர் தலையில் போட்டிருப்பேன். கை ஒத்துழைக்காது என்பதால் சும்மா இருந்தேன்.

இன்ஷூரன்ஸ் ஆள் மறுநாள் வந்தார். தீ, புயல், வெள்ளம், திருட்டு என எல்லாவற்றுக்கும் பணம் கட்டியிருந்தோம். அவர் பரண் உடைந்த இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தார், கிடந்த சாமான்களைப் பார்த்தார், "இதெல்லாம் குடித்தனக்காரர் வெச்சதா?" என்று கேட்டார்.

"இல்ல, நான் வெச்சது. ஸ்பேர்" என்றார் என் கணவர்.

"எதுக்குங்க இவ்வளவு?"

"ஒருவேளை ஏதாவது கெட்டுப்போனா..."

"சார் என்ன தொழில் பண்றீங்க?"

"லிஃப்ட் மெக்கானிக்."

இன்ஷூரன்ஸ் ஆள் டார்ச்சை அணைத்தார். "லிஃப்ட்டுக்குள்ள, இத்தனை கிலோவுக்கு மேல ஏறக்கூடாதுன்னு ஒரு தகடு ஒட்டியிருப்பாங்களே. அது நீங்க ஒட்டுறதுதானே?" என்றார். ஓனரே அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றி உடைந்ததற்குப் பணம் வராது என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

கடைக்காரருக்கு, பல்செட்காரருக்கு, கொத்தனாருக்கு, பிளம்பருக்கு, பெயிண்டருக்கு என்று சேர்த்து வைத்த ஒரு வருஷ வாடகையும் வந்த வழியே போனது. பல்செட்காரர் தகராறு ஒன்றும் செய்யவில்லை. சாமான்களைக் கட்டிக்கொண்டு, சாவியைக் கொடுக்க வந்தார். புதுசாகக் கட்டிக்கொடுக்கிறேன், இருங்கள் என்று என் கணவர் கெஞ்சினார்.

"உங்க மேல ஒண்ணும் இல்லண்ணே" என்றார் அவர். "ராத்திரி படுத்தா மேலயே பாத்துக்கிட்டு இருக்கேன். அதான்."

அவர் போன அன்று சாயங்காலம் நாங்கள் இருவரும் எங்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். மேற்பார்வையாளரிடம் போய், இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன் என்று சொல்லும்படி அவர் என்னிடம் சொன்னார். கட்டளையாகச் சொல்லவில்லை. குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

"உங்க லிஃப்ட்டுல ஒரு கயிறு நைஞ்சுபோச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"நிறுத்திடுவேன்."

"மத்த கயிறெல்லாம் நல்லா இருந்தாக்கூடவா?"

"நல்லா இருந்தாலும். அது ரூல்."

"என் கை நைஞ்சுபோச்சுங்க."

"தெரியும்மா." நிஜமாகவே தெரிந்தவர் போலத்தான் தலையசைத்தார். "அதுக்குத்தானே சேத்தோம். இப்ப கைல ஒண்ணும் இல்லாம நீயும் நின்னுட்டா, ஒருவேளை இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா? இன்னும் ஒரே வருஷம். புது ஆள் வரட்டும்."

அவரோடு வாதாடுவது செவிடன் காதில் ஊதிய சங்குதான். நான் மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். வாயாடி ஸ்டூலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள், ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

வீடு சரியாகி, பெயிண்ட் அடித்து முடிந்தது. பரண் இருந்த இடத்தில் இப்போது வெறும் சுவர். சில வாரங்கள் ஆளே வரவில்லை. காலியாகக் கிடக்கும் மாதங்களுக்கென்று ஒதுக்கியதும் கரைந்தது. என் கணவர் தினமும் வேலை முடிந்து அங்கே போய் ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். யாரும் இல்லாத வீட்டில் குழாய் திறந்து கிடந்தால் என்ன ஆவது என்பார். ஒரு நாள் காலை நான் கிளம்பும்போது, "சாயங்காலம் ஒரு புருஷன் பெண்டாட்டி வீடு பாக்க வராங்க" என்றார். "வேலை முடிஞ்சு வர்ற வழியில நீ போய் ஜன்னலைத் தொறந்து வை. பெயிண்ட் வாடை இருந்தா, ஒருவேளை ஈரச் சுவரை மறைக்கத்தான் அடிச்சிருக்கோம்னு நெனச்சுப்பாங்க. நான் நேரா அங்க வந்துடறேன்."

சரி என்றேன்.

அன்று மதியம் ஒரு விரிப்பு உருளைக்குள் போகாமல் கோணலாகச் சிக்கியது. இது அடிக்கடி நடப்பதுதான். இடது கையால் அதை வெளியே இழுத்தேன். இழுப்பதற்குப் பிடிமானமாக வலது கை விரல்களைப் பக்கத்தில் எதன் மேலோ ஊன்றிக்கொண்டேன். விரிப்பு வரவில்லை, இன்னும் இழுத்தேன். ஒரு கருகல் வாடை வந்தது. துணி கருகுகிறது, இதற்கும் திட்டு வாங்க வேண்டும் என்று நினைத்தேன்.

"அக்கா! கையை எடு! கையை எடு!" என்று வாயாடி அலறினாள்.

"எந்தக் கையை?" என்று கேட்டேன்.

அவள் ஓடி வந்து என் வலது கையை உருளையோரத்துச் சூட்டுத் தகட்டிலிருந்து பிய்த்து எடுத்தாள். பிறகு அவள்தான் அழுதாள். நான் கருகிய மூன்று விரலையும் யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பதில் ஒரு சௌகரியம், அடிபட்டால் வெளியே போக வேண்டாம். கட்டுப் போட்ட நர்ஸ், "இவ்வளவு நேரம் எப்படி வெச்சுக்கிட்டு இருந்தீங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். மேற்பார்வையாளர் வந்து, ஒரு மாதம் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

"லீவு வேண்டாம் சார். நான் நின்னுக்கறேன். இன்னையோட."

"அவசரப்படாதீங்கம்மா. வீட்டுல கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

"வீட்டுல கேட்டுக் கேட்டுத்தான் சார் இப்படி ஆச்சு" என்றேன்.

கணவருக்குப் போன் செய்யவில்லை. செய்திருந்தால் அடித்துப் பிடித்து வந்திருப்பார். வந்து, ஒருவேளை சீழ் பிடித்தால், ஒருவேளை விரல் ஒட்டிக்கொண்டால் என்று ஆரம்பிப்பார். அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. எங்கே போவது என்று தெரியாமல், சொன்ன வேலையையாவது செய்வோம் என்று அந்த வீட்டுக்குப் போனேன். இடது கையால் பூட்டைத் திறக்க நேரம் பிடித்தது. ஜன்னல்களைத் திறந்து வைத்தேன். வெற்றுத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். நன்றாகத்தான் இருந்தது வீடு. காற்று வந்தது, வெளிச்சம் இருந்தது. இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்று கூடத் தோன்றியது.

வீடு பார்ப்பவர்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். அவன் நேராகச் சமையலறைக்குள் போனான். அவள் என்னைப் பார்த்ததும் நின்றாள். நான் எழுந்து நின்றேன். கையில் கட்டு, காலடியில் ஒரு பை, முகமும் பார்க்கும்படியாக இருந்திருக்காது. காலி செய்துகொண்டு போகும் குடித்தனக்காரி என்று நினைத்துவிட்டாள். நான் இல்லை என்று சொல்லவில்லை.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே?" என்று கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "ஓனர் எப்படி? தொந்தரவு எதுவும் உண்டா?"

நான் உண்மையாகவே யோசித்துப் பார்த்தேன்.

"நல்ல மனுஷன்" என்றேன். "குழாய் சொட்டுதுன்னு சொன்னா, சாப்பாட்டைப் பாதில விட்டுட்டு ஓடி வருவார். சுவத்துல சின்னக் கீறல் விழுந்தாக்கூடத் தொட்டுத் தொட்டுப் பாப்பார். எது எப்பக் கெட்டுப்போகும்னு முன்னாடியே யோசிச்சு அதுக்குப் பணம் எடுத்து வெச்சிருப்பார். இந்த வீட்டுல இருக்கிற ஒரு பொருளுக்கும் ஒரு குறை வராது. விட மாட்டார்."

"இவ்வளவு நல்லவரா இருக்காரே. அப்புறம் நீங்க ஏங்க்கா போறீங்க?"

"நான் வீட்டுப் பொருள் இல்லையேம்மா."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் கண் என் தோளைத் தாண்டி வாசல் பக்கம் போனது. திரும்பிப் பார்த்தேன். என் கணவர் கையில் சாவியோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார், எதிலிருந்து கேட்டார் என்று தெரியாது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் இருந்த கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார்தான் ஓனரா?" என்று கேட்டபடி அந்தப் பையன் சமையலறையிலிருந்து வந்தான். "தண்ணி எந்நேரமும் வருமா சார்?"

அவன் மறுபடி கேட்டான். அவள் அவன் முழங்கையைப் பிடித்து, "வாங்க, போன்ல கேட்டுக்கலாம்" என்று இழுத்துக்கொண்டு போனாள். புத்திசாலிப் பெண்.

அவர்கள் படியிறங்கும் சத்தம் அடங்கியது. நான் மறுபடி தரையில் உட்கார்ந்தேன். அவர் வந்து எதிரில் உட்கார்ந்தார். கம்பெனிச் சட்டையில் கிரீஸ் வாடை அடித்தது. கட்டைத் தொடக் கையை நீட்டிவிட்டு, தொடாமல் எடுத்துக்கொண்டார்.

"எப்படி ஆச்சு?"

"மெஷின்ல வெச்சுட்டேன். சூட்டுத் தகட்டுல."

"எனக்கு ஏன் போன் பண்ணல?"

"வேலையை விட்டுட்டேன்" என்றேன். "உங்ககிட்ட கேக்கல. சொல்றேன், அவ்வளவுதான். கடனுக்கு வாடகை பத்தலன்னா வீட்டை வித்துடுங்க. என் பங்குப் பணத்தை என்கிட்ட குடுத்துடுங்க."

அவர் எதிர்த்துப் பேசுவார் என்று காத்திருந்தேன். பேசவில்லை. இத்தனை வருஷத்தில் அவரிடம் எனக்குக் கோபம் வந்திருக்கிறது, சலிப்பு வந்திருக்கிறது, பாவமாகவும் இருந்திருக்கிறது. இப்போது ஒன்றுமே வரவில்லை. அது எனக்கே பயமாக இருந்தது.

"ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டார்.

"வலிச்சிருந்தா கையை எடுத்திருப்பேனே" என்றேன்.

அது அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. புரிந்ததும், கட்டுப் போட்ட கையை விட்டுவிட்டு என் இடது கையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். அவர் கண்ணீர் அந்த விரல்களில் சூடாகத் தெரிந்தது.